‘பிடிச்சிருக்கு’ என்று சொன்னது கழுத்தைத்தான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமும் உன் மனைவி, பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முறைக்குக் குறை வைக்கக் கூடாது என்பதற்காக எழுதிவிட்டேன். ஆனால் இந்த வீட்டில் ‘அனைவரும்’ என்று சொல்லத் தற்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன், நானும் நலமில்லை. கழுத்து ஒரு பக்கம் திரும்பிவிட்டால் மறுபக்கம் பார்க்க உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. வலது முழங்கால் உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிறது, எழுந்தால் உட்கார யோசிக்கிறது. தோள்பட்டையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுத அது விடாது. இந்த நான்கு வரிக்குள் இரண்டு தரம் பேனாவைக் கீழே வைத்துக் கையை உதறிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்.

போனில் சொல்லக் கூடாதா, இந்தக் காலத்தில் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். உன் வீட்டுக்கு அடித்தால் உன் அக்காள் எடுக்கிறாள். உன் கைபேசிக்கு அடித்தாலும் அவளேதான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும் “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிடுகிறாள். இத்தனை காலம் குடித்தனம் நடத்திய பிறகு ஒருத்தி ராங் நம்பர் என்று சொன்னால், போனைச் சொல்கிறாளா என்னைச் சொல்கிறாளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது மட்டுமில்லை, இவ்வளவு வினையும் வந்ததே போனில் சொன்ன ஒரு சொல்லால்தான். எழுதினால் சொல் வைத்த இடத்தில் நிற்கும். ஆகவே இதைப் படித்ததும் உன் மனதோடு வைத்துக்கொள். உன் மனைவியிடம் காட்டாதே. அக்காளிடம் காட்டவே காட்டாதே. விஷயம் இவ்வளவுதான்: அவள் இங்கே திரும்பி வர வேண்டும். உடனே வர வேண்டும். ஆனால் நான் கேட்டதாக இருக்கக் கூடாது, தானாக வந்ததாக இருக்க வேண்டும். அது எப்படி முடியும் என்று என்னைக் கேட்காதே. அதற்குத்தான் மைத்துனன் என்று ஒரு உறவையே வைத்திருக்கிறார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருந்தவனுக்கு எங்கெங்கே வலிக்கும் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. உனக்கும் நான்தான் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன், நீ இடித்த மதில் இன்னும் அந்தச் சாய்வோடுதான் நிற்கிறது. படிக்கிறவன் ஓட்டுவான், மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். கழுத்து எந்நேரமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். மாஸ்டர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு, அதன் மேலே கால் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். மிதித்தால் படிக்கிறவனுக்கு ரோஷம் வரும், எடுத்தால் எதிரே வருகிறவனுக்கு உயிர் போகும். ஆயுசு முழுக்கக் காலை இப்படி அந்தரத்தில் வைத்திருந்தால் முழங்கால்தான் என்ன செய்யும், பாவம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்திருக்கிறது, மாற்றுகிற அளவுக்கு இல்லை, அதை வைத்தே ஓட்டுங்கள் என்றார். பழைய வண்டியைப் பற்றி மெக்கானிக் சொல்வதும் இதைத்தான்.

அதை வைத்து ஓட்டியது நானல்ல, உன் அக்காள். சாயங்காலம் டிவியில் செய்தி ஆரம்பித்தால் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். கண் செய்தியில் இருக்கும், கட்டைவிரல் முழங்கால் சில்லைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கும். ஊரில் வெள்ளம் என்றால் கொஞ்சம் அழுத்துவாள், மந்திரி பேசினால் நன்றாகவே அழுத்துவாள். செய்தி முடிந்து மழை வருமா வராதா என்று சொல்ல ஆரம்பிக்கும்போது காலை ஒரு தட்டுத் தட்டி இறக்கிவிடுவாள். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதுமில்லை. வீட்டில் விளக்கு எரிந்தால், ஆகா விளக்கு எரிகிறதே என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? அந்த மாதிரி போய்க்கொண்டிருந்த விஷயம் இது.

போன மாதம் ஒருநாள், மந்திரி பேசிக்கொண்டிருக்கும்போதே, காலை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, “விடு, உன் பிடி முன்ன மாதிரி இல்ல. பத்தல” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்குள் என்னைத் திட்டாதே. அவள் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள், அவ்வளவுதான். மறுநாள் மகளிடம் போனில், கைதேர்ந்தவர்கள் யாராவது பிடித்துவிட்டால் தேவலை என்று சொல்லிவைத்தேன். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பெற்றோருடைய வலி என்றால் ஒரு பரபரப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கைபேசியில் தேடி, மூட்டு வலிக்கென்றே மசாஜ் செய்கிற ஒரு நிலையத்தில் எனக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

அந்த நிலையம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. ஏறி வந்தவன் எனக்கு வலியே இல்லை என்று பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப்போலவே நாலைந்து பேர் படிக்கட்டில் ஆளுக்கொரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம், யாரும் யாரையும் முந்தவில்லை. முன்னறையில் ஒரு பெண், “வலி பத்துக்கு எத்தனை சார்?” என்று கேட்டாள். “பாஸ் மார்க் எத்தனைம்மா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “ஏழு போட்டுக்கறேன் சார்” என்று அவளே போட்டுக்கொண்டாள். நான் பாஸா பெயிலா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

உள்ளே இருந்தவர் மீசைக்காரர். பெயர் சொன்னார், எனக்குக் காதில் ஏறவில்லை, மீசைதான் முன்னால் வந்து நின்றது. ஆள் அலமாரி அகலம், குரல் மட்டும் குழந்தையைத் தூங்க வைக்கிற குரல். சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு குறுகின மேஜையில் குப்புறப் படுக்க வைத்தார். மேஜையில் முகத்துக்கு நேரே ஒரு ஓட்டை. அதில் முகத்தைப் பொருத்திவிட்டால் தரையும் அவருடைய கால்விரல்களும்தான் தெரியும். மனிதரோடு பேசுகிறோமா விரலோடு பேசுகிறோமா என்பதே புரியவில்லை. மூலையில் ஒரு பெட்டியிலிருந்து ஓடை ஓடுகிற மாதிரி தண்ணீர்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது, மனதுக்கு அமைதியாம். என் வயதுக்காரனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மனதுக்கு முன்னால் வேறொன்று ஞாபகம் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கை வைப்பதற்கு முன்பே ஒருதரம் எழுந்து போய்விட்டு வந்து, மறுபடி சட்டையில்லாமல் குப்புறப் படுத்தேன்.

“அழுத்தம் சரியா இருக்கா மாஸ்டர்? வலிச்சா சொல்லிருங்க” என்றது கால்விரல். இங்கேதான் தப்பு நடந்தது. வலிக்கிறது என்று ஒரு அந்நியனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ம்” என்றேன். என் அகராதியில் ‘ம்’ என்றால் போதும், அவர் அகராதியில் ‘ம்’ என்றால் இன்னும். அவர் இன்னும் அழுத்த, நான் இன்னொரு ‘ம்’ போட, இப்படி நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொண்டே தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வந்துவிட்டோம். இடுப்புத் திருப்பத்தில் அவர் வேகத்தைக் குறைக்காமல் இறங்கினார் பார், என் வலது கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. பழக்க தோஷம். பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. கிண்ணம் சுவரில், எண்ணெய் அவருடைய மீசையில், மீதி என் செருப்பில். மனிதர் கோபிக்கவில்லை, துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, “ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கு மாஸ்டர்” என்றார். அந்த எண்ணெய்ச் செருப்போடு இரண்டு மாடி இறங்கினேன். ஒவ்வொரு படியும் ஒரு பரீட்சை.

பொய் சொல்லக் கூடாது, அன்று சாயங்காலம் கழுத்து லேசாகத்தான் இருந்தது. கேட் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன், கழுத்து மட்டும் திரும்பியது, உடம்பு வரவில்லை. அந்த சந்தோஷத்தில் படுத்தவன் மறுநாள் காலையில் எழுந்தால் கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே பலகை. அந்த நேரம் பார்த்து மகள் போன். கையில் எடுத்துக் காதில் வைக்க முடியாமல் மேஜைமேலேயே ஸ்பீக்கரில் போட்டேன்.

“அப்பா, மசாஜ் எப்படிப்பா இருந்துச்சு?”

“பிடிச்சிருக்கும்மா.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான். ரொம்பப் பிடிச்சிருக்கு. வாழ்க்கையிலயே இந்த மாதிரி பிடிச்சது இல்ல.”

“ஐயோ, இது போதும்பா எனக்கு! அம்மா, கேட்டியாம்மா? அப்பாவுக்குப் பிடிச்சிருக்காம்!”

நான் “கழுத்தும்மா, கழுத்து” என்று தொடங்குவதற்குள், இனிமேல் வாராவாரம் போகலாம், வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். மைத்துனா, நம் மொழியைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் இந்தப் ‘பிடி’யை மட்டும் வைத்துக்கொண்டு நம் பெரியவர்கள் எத்தனை வேலை வாங்கிவிட்டார்கள். கழுத்து மரக்கட்டையானாலும் பிடிச்சிருக்கு, மனதுக்கு இனித்தாலும் பிடிச்சிருக்கு. காலை அமுக்கிவிட்டாலும் காலைப் பிடிக்கிறான், காரியத்துக்காகக் கெஞ்சினாலும் காலைப் பிடிக்கிறான். இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

திரும்பிப் பார்த்தேன் என்று எழுத ஆசை, திரும்ப முடியவில்லை, உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். சமையலறை வாசலில் உன் அக்காள். முகத்தைப் பார்த்ததுமே இது மழைக்கு முந்தின அமைதி என்று தெரிந்துவிட்டது.

“அவ்வளவு பிடிச்சிருக்கா?” என்றாள்.

“ஐயோ, நான் சொன்னது கழுத்து பிடிச்சதை.”

“சமாளிக்காதீங்க. வாழ்க்கையிலயே இந்த மாதிரி பிடிச்சது இல்லன்னு என் காதால கேட்டேன். நானுந்தான் இத்தனை வருஷமாப் பிடிச்சு விட்டேன். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, பிடிச்சிருக்குன்னு இந்த வாய் சொல்லியிருக்கா?”

இப்படிப்பட்ட நேரத்தில் ஆண்பிள்ளைகள் எதைச் சொல்லக் கூடாதோ அதைத்தான் சொல்வார்கள். “அவரு ஆம்பளைடி! இவ்வளவு பெரிய மீசை!” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இதுவரை பார்த்ததில்லை. “பொம்பளையா இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டிட்டு மனச ஆத்திக்குவேன். ஆம்பளை மேல நான் என்னன்னு கோவப்படறது? என் கை பத்தல, அந்தக் கை பிடிச்சிருக்கு, அவ்வளவுதானே?” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு விஷயத்தை அங்கேயே முடித்திருப்பேன். துணிகளைப் பையில் வைத்தாள், தம்பியைப் பார்த்து நாளாகிறது என்றாள், கிளம்பிவிட்டாள். வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன். காலில் விழுந்துகூடத் தடுத்திருப்பேன், விழுந்தால் எழுந்திருக்க முடியாதே என்று யோசித்துக்கொண்டு நின்றதில் ஆட்டோ போய்விட்டது.

அதன் பிறகு இங்கே நடக்கிற நாடகத்தை என்னவென்று எழுத. வாராவாரம் மகளுடைய ஏற்பாடு இருக்கிறதே, போகாமல் இருக்க முடியுமா? மறுபடி மாடி ஏறினேன். நடந்ததைச் சொன்னதும் மீசைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வலிச்சா சொல்லணும் மாஸ்டர். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா சதை இன்னும் இறுகிப் போகும். மசாஜ்னா வலியைப் பொறுத்துக்கற போட்டி இல்ல” என்றார். தேய்ந்த மூட்டை எந்த மசாஜும் புதிதாக்காது, அதைச் சுற்றியிருக்கிற சதை பயந்துபோய் இறுகியிருக்கிறது, அதைத் தளர்த்தினால் வலி கொஞ்சம் அடங்கும், அடங்கியிருக்கிற நேரத்தில் நடக்க வேண்டும், கை காலை நீட்டி மடக்க வேண்டும், பிறகு வலி மறுபடி வரும், மறுபடி தளர்த்த வேண்டும், இவ்வளவுதான் என்றார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். ஒரே மாதத்தில் ஓடவைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அன்றே இறங்கி வந்திருப்பேன். இப்போதெல்லாம் வலித்தால் “வலிக்குது” என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லிப் பழக்கமில்லாததால் முதல் இரண்டு தரம் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது, முன்னறையில் காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

வீட்டில் செய்துகொள்ள ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்ந்துகொண்டு மெல்ல ஏறி இறங்க வேண்டும், எங்கே முடிச்சு இருக்கிறதோ அங்கே பந்து போய் அழுத்தும். நன்றாகத்தான் அழுத்தியது. மெல்ல இறங்கினேன், பந்தும் இறங்கியது, நான் இன்னும் இறங்கினேன், பந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. நான் தரையில். முழங்கால் மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. போன் மேஜைமேல், மேஜை அறையின் அந்தக் கோடியில். சரி, யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். யார் வருவார்கள்? வர வேண்டியவள் உன் வீட்டில் இருக்கிறாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து மேஜையின் காலைப் பிடித்து எழுந்து வருவதற்குள் ஜன்னலில் இருந்த வெயில் சுவருக்குப் போய்விட்டது. எழுந்து நின்றதும் முதலில் வந்தது சிரிப்புத்தான். அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், உனக்குத் தெரியும், சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்ன சார், வீட்ல இல்லையா? ரொம்ப நாளா சத்தத்தையே காணோமே” என்றார். “தம்பி வீட்டுக்குப் போயிருக்கா” என்றேன். “நீங்க போகலையா?” என்றார். “கழுத்து பிடிச்சிருக்கு” என்றேன். அவர் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார். புரிந்துகொள்ள வேண்டியவர்களுக்குப் புரியாதது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உடனே புரிகிறது.

சாயங்காலம் செய்தி போடுகிறேன். காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எதிர் நாற்காலியில் தலையணை போட்டு அதன்மேல் வைத்துப் பார்த்தேன். மந்திரி பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. நானே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் முதுகு விடாது, முதுகைப் பார்த்தால் தோள் விடாது. ஒருவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளலாம், சமைத்துச் சாப்பிடலாம், துணி துவைக்கலாம். தன்னைத் தானே பிடித்துவிட்டுக்கொள்ள மட்டும் முடியாது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. மீசைக்காரர் வேலையில் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அவர் கை என் முழங்காலைத் தெரிந்துகொள்ள முயற்சி செய்கிறது, உன் அக்காள் கைக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இப்போது அந்தப் ‘பத்தல’ விஷயத்துக்கு வருகிறேன். இது உனக்கு மட்டும். தையல் மிஷினில் வருஷக்கணக்காகச் சட்டைக் காலர் தைத்துத் தைத்தே உன் அக்காள் விரல்கள் தேய்ந்துவிட்டன, மைத்துனா. அவள் சொல்லவில்லை, நான் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையை ஆயுசு முழுக்கப் பார்த்தவன் நான், எந்த விரல் எதற்குப் பயப்படுகிறது என்று எனக்குத் தெரியும். பாட்டில் மூடியை விரலால் திருகாமல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருகினாள். சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். காலையில் எழுந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்கிறாள், விரல் கணு வீங்கியிருக்கிறது. “கைக்கு என்ன?” என்று கேட்டால், “தூக்கத்துல மடங்கிருச்சு” என்கிறாள். தினமும் ஒருத்திக்குத் தூக்கத்தில் கை மடங்குமா? அந்தக் கையோடுதான் சாயங்காலம் என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் சில்லைச் சுற்றி வரும்போது நடுவில் ஒரு இடத்தில் நின்று நின்று போனது. முகத்தைப் பார்த்தேன், செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு வெள்ளமும் இல்லை, மந்திரி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்.

உனக்கு வலிக்கிறது, பிடிக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற பிறவியா அவள்? யார் சொன்னா எனக்கு வலிக்குதுன்னு, காட்டறேன் பாருங்க என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்தியிருப்பாள். அதனால்தான் பத்தல என்றேன். அப்படிச் சொன்னால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டுவிட்டாள், எல்லாவற்றையும் சேர்த்து. மீசைக்காரரிடம் விரல் விஷயத்தைச் சொன்னேன். “வாதமா இருக்கலாம் மாஸ்டர், முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. வீங்கிச் சூடா இருக்கிற மூட்டை யாரும் அழுத்தக் கூடாது” என்றார். எனக்குப் பிடிப்பு, அவளுக்கு வாதம். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார், இந்தக் குடும்பத்தின் பரம்பரை வியாதி எதுவென்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. என் நேரத்தில் பாதியை ஒதுக்கி, கை விரல்களை எப்படிப் பிடித்துவிடுவது என்று அவரிடம் படித்துக்கொண்டிருக்கிறேன். வீக்கம் இறங்கியிருக்கிற நாளில், சதைப்பற்று இருக்கிற இடமாகப் பார்த்து, கையில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிப் பக்கமாகப் போக வேண்டும். என் இடது கையில் பழகுகிறேன். மீசைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “மெதுவா மாஸ்டர், மெதுவா, அவசரமே இல்ல” என்கிறார். எத்தனை பேருக்கு நான் சொன்ன வார்த்தை அது. இப்போது எனக்கு ஒருவர் சொல்கிறார். அவர் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: என் பெயரை எடுக்காமல், விரலைப் பற்றி மூச்சு விடாமல், அவளாகவே கிளம்புகிற மாதிரி ஏதாவது சொல்லி அனுப்பிவை. வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று சொல், அது எப்படியும் உண்மைதான். எனக்கு ஒன்றும் அவள் இல்லாமல் ஆகாது என்றில்லை. எல்லாம் நடக்கத்தான் நடக்கிறது. கொஞ்சம் மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

உன் மனைவிக்கு என் ஆசி, பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், யாரும் டிரைவிங் மாஸ்டர் வேலைக்குப் போகாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லோருடைய கழுத்தும் நினைத்த பக்கம் திரும்பட்டும், முழங்கால் கேட்ட நேரத்தில் மடங்கட்டும். இதைவிடப் பெரிய வாழ்த்து தற்போது என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
உட்கார்ந்தால் எழ முடியாத,
உன் மாமா.

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் உன் மனைவி போன் செய்தாள். “அண்ணே, உங்களுக்குச் சொல்லவே விட்டுப்போச்சு. அவருக்குக் கண் ஆபரேஷன் அடுத்த மாசம்னு இருந்துச்சில்ல, முன்னாடியே கூப்பிட்டுப் பண்ணிட்டாங்க. நல்லபடியா ஆச்சு. கொஞ்ச நாளைக்குப் படிக்கவே கூடாதாம். பேப்பர், மருந்துச் சீட்டு, போன்ல வர்ற மெசேஜ், எல்லாம் அண்ணிதான் சத்தமாப் படிச்சுக் காட்டறாங்க” என்றாள். “கடிதம் வந்தா?” என்று கேட்டேன். “அதையுந்தான்” என்றாள்.

எனவே, மைத்துனா, நீ கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திரு. இதற்கு மேல் உள்ளது உனக்கில்லை.

ஏம்மா, இவ்வளவு நேரம் இதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது நீதானே? விரலைப் பற்றி எழுதின இடம் வந்ததும் நிறுத்தியிருப்பாய். “என்னக்கா, நின்னுட்ட?” என்று அவன் கேட்டிருப்பான். “உன் மாமா கையெழுத்து விளங்கல” என்று சொல்லியிருப்பாய். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கௌரவமாக வேறொன்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. கையும் வலிக்கிறது, கௌரவமும் தேய்ந்துவிட்டது. அதோடு, இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல் என்றால் எனக்கு இந்தப் பிறவியில் ஆகாது. உடனே அனுப்பு என்று எழுதியது ரத்து, அவன் கண் சரியாகும் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு வா. நான் கேட்டதாக இருக்கக் கூடாது என்று எழுதியதும் ரத்து. நான்தான் கேட்கிறேன். நீ இல்லாமல் எனக்கு ஆகவில்லை. வந்ததும் என் காலை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், உன் கையை என்னிடம் கொடு. அந்தக் கை எனக்குப் பிடிச்சிருக்கு. எப்பவுமே பிடிச்சிருக்கு.

இந்தப் பகுதியை மட்டும் மனசுக்குள் படி. தம்பி கேட்டால், எல்லோரையும் விசாரித்ததாக எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிடு.